குழந்தைகள், குடும்ப நலப் பணிகள் மீதான நாடாளுமன்றக் கண்காணிப்பு (இந்தியா)

அங்கன்வாடி, இணை உணவு, மகப்பேறு நிதியுதவி, தத்தெடுப்பு, சிறார் இல்லங்கள், குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்கள் எனக் குழந்தைகளையும் குடும்பங்களையும் நேரடியாகத் தொடும் அரசுப் பணிகளை இந்திய நாடாளுமன்றம் கேள்வி நேரம், நிதிக் குழுக்கள், துறைசார் நிலைக்குழுக்கள் வழியாகக் கண்காணித்து வருகிறது. குறையைக் கண்டுபிடிப்பதில் இந்த ஏற்பாடு தேர்ந்தது. கண்டதைத் திருத்தவைக்கும் அதிகாரம் மட்டும் அதனிடம் இல்லை. குழுக்கள் தருபவை பரிந்துரைகள். அவற்றை ஏற்பதும் தள்ளுவதும் அரசின் விருப்பம்.

தொடக்கம்

அரசின் செலவைச் சட்டசபை உறுப்பினர்கள் ஆராயும் பொதுக் கணக்குக் குழு 1921-ல், மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தங்களையொட்டி அமைந்தது. அக்காலத்தில் குழந்தை நலம் என்று தனியாக ஒரு செலவுக் கணக்கு இல்லை. குழந்தைகள் சட்டசபைக்குள் வந்தது பணத்தின் வழியாக அல்ல, திருமண வயது பற்றிய வாதத்தின் வழியாக. ஹர்பிலாஸ் சார்தா 1927-ல் மத்தியச் சட்டசபையில் குழந்தைத் திருமணத் தடை மசோதாவைக் கொண்டுவந்தார். சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராக இருந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அதற்கு ஆதரவாக வாதாடினார். 1928-ல் அரசு அமைத்த ஜோஷி குழு நாடு முழுதும் சாட்சியம் திரட்டியது. சிறுவயதுப் பிரசவத்தால் உடல் சிதைந்த பெண்களைப் பற்றி மருத்துவர்களும் பெண்களும் சொன்னவை அரசு ஆவணமாகப் பதிவாயின. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனத் திருமண வயதை நிர்ணயித்த சார்தா சட்டம் 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சாட்சியம் கேட்டு, ஆராய்ந்து, பிறகு சட்டம் செய்வது என்ற வழக்கத்துக்கு இந்தத் துறையில் அதுவே நல்ல முன்மாதிரி.

விடுதலைக்குப் பின் 1950-ல் மதிப்பீட்டுக் குழுவும், 1953-ல் அரசு உறுதிமொழிகள் குழுவும் வந்தன. துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் தொடங்கியதும் 1953-ல்தான். அடுத்த இருபது ஆண்டுகள் குழந்தை நலப் பணி பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களுக்கு அரசு தரும் மானியமாகவே நடந்தது. நாடாளுமன்றத்துக்கு ஆராய அதிகம் இருக்கவில்லை.

அங்கன்வாடியும் இரட்டைப் பொறுப்பும்

1974-ல் தேசியக் குழந்தைகள் கொள்கை வந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கான ஊட்டச்சத்துக் கல்வி ஆகிய ஆறும் அங்கன்வாடி என்ற ஒரே மையத்தில் கிடைக்க வேண்டும் என்பது திட்டம்.

கண்காணிப்பின் பெரிய சிக்கலும் அன்றே தொடங்கியது. திட்டத்தை வகுப்பது மத்திய அரசு. நடத்துவது மாநில அரசு. இன்று பெரும்பாலான மாநிலங்களில் பொதுச் செலவு 60:40 என்றும், இணை உணவுச் செலவு 50:50 என்றும் பிரிகிறது. ஒரு மையத்தில் எடைக்கருவி ஏன் பழுதாகிக் கிடக்கிறது என்று மக்களவையில் கேட்டால், அது மாநிலத்தின் பொறுப்பு என்று அமைச்சர் சொல்லலாம். சட்டப்பேரவையில் கேட்டால், மத்திய நிதி வரவில்லை என்று பதில் வரலாம். இரண்டும் உண்மையாகவே இருக்கக்கூடும். அமைச்சரிடமிருந்து அடிக்கடி வரும் இன்னொரு பதில், ‘மாநிலங்களிடமிருந்து தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்பது. மரபுப்படி இது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற வேண்டும். நிறைவேறாதவற்றை உறுதிமொழிகள் குழு துருவும். வெளியில் அதிகம் பேசப்படாத குழு இது. ஆனால் நழுவும் பதில்களைப் பிடித்து நிறுத்துவதில் இதற்கு இணை இல்லை.

திட்டத்தை நாடு முழுதும் விரித்ததில் பெரிய உந்துதல் நாடாளுமன்றத்திலிருந்து வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-ல் தொடுத்த உணவு உரிமை வழக்கில்தான் அது வந்தது. 2008 டிசம்பருக்குள் 14 லட்சம் அங்கன்வாடிகள் இயங்க வேண்டும்; ஒரு கிராமக் குடியிருப்பிலோ குடிசைப் பகுதியிலோ ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து, மையம் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஆணையிட்டது. அங்கன்வாடி உணவைச் சட்டப்படியான உரிமையாக்கிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2013-ல்.

அதே 2013 மார்ச்சில் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் செயல்திறன் தணிக்கை அறிக்கை அவைக்கு வந்தது. 2006 முதல் 2011 வரையான ஐந்து நிதியாண்டுகளை எடுத்துக்கொண்டு, மாதிரியாகச் சில மாநில மையங்களுக்கு நேரில் சென்று பார்த்த அறிக்கை அது. ஆய்வு செய்த அங்கன்வாடிகளில் 61 விழுக்காட்டுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. 52 விழுக்காட்டில் கழிப்பறை இல்லை. 32 விழுக்காட்டில் குடிநீர் வசதி இல்லை. மூன்று வயதுப் பிள்ளையைக் காலையில் கொண்டுவந்து விடும் தாய்க்கு இந்த எண்கள் புதிதல்ல. அவையின் மேசைக்கு வந்ததால் இனி அரசு மறுக்க முடியாத ஆவணமாயின. இத்தகைய தணிக்கை அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு எடுத்து ஆராய்கிறது. 1967 முதல் அதன் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர்.

நிலைக்குழு

துறைவாரியான 17 நிலைக்குழுக்கள் 1993-ல் அமைந்தன. 2004-ல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேர், மாநிலங்களவையினர் 10 பேர். கேரளச் சட்டப்பேரவை 1980-லேயே இத்தகைய குழுக்களை அமைத்துவிட்டது. தமிழ்நாட்டில் துறைவாரி நிலைக்குழு முறை இல்லை. கொள்கை விளக்கக் குறிப்பை முன்வைத்து, மானியக் கோரிக்கை மீது பேரவையிலேயே விவாதம் நடக்கிறது.

மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை 1985-ல் மனிதவள அமைச்சகத்துக்குள் பிறந்து, 2006-ல் தனி அமைச்சகமானது. ஆனால் குழந்தைகளுக்கென்று தனி நிலைக்குழு இன்றுவரை இல்லை. பள்ளிக்கல்வி, உயர்கல்வி, இளைஞர் நலம், விளையாட்டு ஆகியவற்றோடு மகளிர், குழந்தைகள் அமைச்சகத்தையும் ஒரே குழு பார்க்கிறது. பல்கலைக்கழகங்களும் நுழைவுத் தேர்வுகளும் குழுவின் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. இது அமைப்பிலேயே உள்ள குறை. 1997-ல் அமைந்த மகளிர் அதிகாரமேம்பாட்டுக் குழு, அங்கன்வாடிப் பணியாளர்களின் பணிநிலையை ஆராய்ந்து இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது.

குழுக் கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். சாட்சியாக வருபவர் அமைச்சர் அல்ல, துறைச் செயலர். ஆண்டுதோறும் பட்ஜெட்டுக்குப் பின் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையைக் குழு வரிவரியாகப் பார்க்கிறது. மக்களவையில் பெரும்பாலான அமைச்சகங்களின் மானியம் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறிவிடுவதால், ஒரு குழந்தைக்கு ஒரு நாள் இணை உணவுக்கு 2017-ல் நிர்ணயித்த 8 ரூபாய் போதுமா, அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு 2018-ல் உயர்த்தித் தந்த மாதம் 4,500 ரூபாய் மதிப்பூதியம் சரிதானா என்பன போன்றவற்றை நிதானமாகக் கேட்க இதைவிட்டால் வேறு இடம் இல்லை.

பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதத்தில் பதில் தர வேண்டும். பிறகு வரும் நடவடிக்கை அறிக்கையில் அரசின் பதில்கள் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரிக்கப்படும்: ஏற்கப்பட்ட பரிந்துரைகள், குழு மேலும் வற்புறுத்த விரும்பாதவை, அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை. ஓர் அமைச்சகத்தின் உண்மை நிலை தெரிய வேண்டுமானால் கடைசி இரண்டு அத்தியாயங்களைப் படித்தால் போதும். 2004-ல் வந்த விதிப்படி, பரிந்துரைகளின் நிலைபற்றி அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை வைக்கவும் வேண்டும்.

மூன்று மசோதாக்கள்

குழுவின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மூன்று மசோதாக்களின் கதை காட்டும். 2011-ல் வந்த குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்பு மசோதாவில், 16 முதல் 18 வயது வரையுள்ளோரின் சம்மதத்துக்கு இடம் தரும் விதி இருந்தது. 18 வயதுவரை குழந்தை என்று வரையறுத்த பிறகு சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று குழு 2011 டிசம்பரில் சொன்னது. அரசு ஏற்றது. அதன்படி திருத்தப்பட்ட அந்த மசோதாவே 2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டமாக நடைமுறையில் உள்ளது. குழந்தைகளைக் காத்த அதே விதி, காதலித்த பதின்பருவத்தினரையும் சிறைக்கு அனுப்புகிறது என்ற கவலை பின்னர் எழுந்தது. 16 வயதுக்கு மேற்பட்டோரின் சம்மத உறவைக் கடும் பிரிவுகளிலிருந்து விலக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் யோசனை கூறியது. சட்ட ஆணையம் 2023-ல் வயதைக் குறைக்க வேண்டாம் என்றது.

2014-ன் சிறார் நீதி மசோதா எதிர்த்திசையில் சென்றது. கொடுங்குற்றங்களில் 16 முதல் 18 வயதுச் சிறாரைப் பெரியவர்களைப்போல் விசாரிக்க அது வழிவகுத்தது. அரசு காட்டிய குற்றப் புள்ளிவிவரங்கள் தண்டனையை அல்ல, பதிவான வழக்குகளையே அடிப்படையாகக் கொண்டவை என்று எடுத்துக்காட்டிய குழு, இது அரசமைப்புக்கு முரண் என்று 2015 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. ஒரு பிரிவு மட்டும் கைவிடப்பட்டது. மையமான விதி நிலைத்தது. டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கின் சிறார் குற்றவாளி விடுதலையானதால் நாடு கொதித்திருந்த 2015 டிசம்பர் 22 அன்று மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. நிதானமாகத் திரட்டிய சாட்சியம் அந்த வேளையில் எடுபடவில்லை. குழு சொன்னதே சரி என்பது இக்கட்டுரையின் கருத்து.

மூன்றாவது, பெண்ணின் திருமண வயதை 21 ஆக உயர்த்தும் 2021-ன் மசோதா. அது ஆய்வுக்குச் சென்ற 31 பேர் குழுவில் அப்போது இருந்த பெண் உறுப்பினர் சுஷ்மிதா தேவ் ஒருவர் மட்டுமே. பலமுறை அவகாசம் நீட்டிக்கப்பட்டும் அறிக்கை வரவில்லை. 2024-ல் 17-வது மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது.

மசோதாக்கள் குழுக்களுக்கு வருவதும் குறைந்தது. 15-வது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17-வது அவையில் 16 விழுக்காடு.

மசோதா ஆய்வுக்கு வரும்போது நிலைக்குழு விளம்பரம் கொடுத்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. யாரும் எழுதலாம், ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். அங்கன்வாடியில் முப்பது ஆண்டு வேலை பார்த்த தமிழ்ப் பெண்ணின் சாட்சியம் குழுவுக்குத் தேவை என்றால், எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகள் அனைத்திலும் மனுக்களைப் பெற இரு அவைகளும் வழி செய்ய வேண்டும்.