வரித் தகராறுகள், நாடுகளுக்கிடையிலான (இந்தியா)

ஒரே வருமானத்தின்மீது இரு நாடுகள் வரி கோரும்போது எழும் பிணக்குகளும் அவற்றைத் தீர்க்கும் வழிமுறைகளும் இத்தலைப்பில் அடங்கும். பன்னாட்டுச் சங்கத்துக்காக நான்கு பொருளியலாளர்கள் 1923இல் அளித்த அறிக்கை இத்துறையின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. இந்தியா 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி பிற நாடுகளோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டுள்ளது. ஒப்பந்தத்தின் பொருள் குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தால் இரு அரசுகளும் நியமித்த அதிகாரிகள் நேரில் பேசி முடிவு காணலாம். இது பரஸ்பர ஒப்புதல் நடைமுறை எனப்படும். இப்பேச்சுகளின் விவரம் வெளியிடப்படுவதில்லையாதலால், எழுத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நீதிமன்றம் ஏறிய வழக்குகளின் வரலாறே.

மலேசியாவின் ஈப்போவில் அசையாச் சொத்து வைத்திருந்த செட்டியார் நிறுவனம் ஒன்றின் வழக்கு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ரப்பர்த் தோட்டத்தில் கிடைத்த 88,424 ரூபாயும், சொத்து விற்ற ஆதாயமான 18,113 ரூபாயும் இந்தியாவில் வரிக்கு உட்படா என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. இத்தகைய வருமானத்தை இந்தியக் கணக்கிலும் சேர்க்கும்படி மத்திய அரசு 2008இல் அறிவிக்கை வெளியிட்டது.

இவ்வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது வோடஃபோன் வழக்கு. 2007இல் வோடஃபோனின் நெதர்லாந்து நிறுவனம், கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் ஒற்றைப் பங்கை ஹட்சிசன் குழுமத்திடமிருந்து ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஒரு பங்கின் பின்னால் அடுக்கடுக்கான நிறுவனங்களும், அவற்றின் அடியில் மும்பையிலிருந்து இயங்கிய ஹட்சிசன் எஸ்ஸார் கைபேசித் தொழிலில் சுமார் மூன்றில் இரு பங்கு உரிமையும் இருந்தன. விற்றவர் பெற்ற மூலதன ஆதாயத்துக்கு, வாங்கியவர் வரி பிடித்துக் கட்டியிருக்க வேண்டும் என்று வருமானவரித் துறை வாதிட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2010இல் துறையின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரி 20 அன்று அத்தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு நிதிச் சட்டம் 1962 ஏப்ரல் 1 முதல் செல்லுமாறு முன்தேதியிட்டு, இத்தகைய விற்பனைக்கும் வரி உண்டு என விதியைத் திருத்தியது. சட்டம் ஐம்பது ஆண்டு பின்னோக்கி நடந்தது எனலாம். நிறுவனம் இந்திய–நெதர்லாந்து முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் பற்றிக்கொண்டு பன்னாட்டு நடுவர் மன்றத்தை நாடி, 2020 செப்டம்பரில் வென்றது. வரி விதிப்பது இறையாண்மை சார்ந்தது, முதலீட்டு ஒப்பந்தத்துள் வராது என்பது இந்திய அரசின் நிலை; அறிஞரிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், இதுபோன்ற முன்தேதியிட்ட வரிக் கோரிக்கையை எதிர்த்த கெய்ர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கும் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் முன்தேதியிட்ட கோரிக்கைகளைக் கைவிட்டு, நிறுவனங்கள் வழக்குகளைத் திரும்பப் பெற்றால் வசூலித்த தொகையை வட்டியின்றித் திருப்பித் தர வகைசெய்தது.

மொரீஷியசுடனான 1982ஆம் ஆண்டு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் 2016இல் திருத்தப்பட்டது. வரி ஒப்பந்தங்களுக்கான பலதரப்பு உடன்படிக்கை இந்தியாவைப் பொறுத்தவரை 2019இல் நடைமுறைக்கு வந்தது; அதிலுள்ள கட்டாய நடுவர் தீர்ப்பு முறையை இந்தியா ஏற்கவில்லை.