கரண்டை மிச்சம் பிடிக்க மாநில அமைப்பு உண்டு. அணுமின்சாரத்துக்கு ஏன் இல்லை?

மின்சாரத்தை சிக்கனப்படுத்தவும், அணுமின்சாரத்தை பெருக்கவும் தமிழக அரசே ஒரு ஆணையம் அமைக்க முடியுமா? பாதி முடியும், பாதி முடியாது என்பதுதான் பதில்.

சிக்கனத்துக்கு தடை இல்லை

மின்சாரம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. எரிசக்தி சேமிப்பு சட்டம் 2001-ம் ஆண்டு வந்தது. அதன்படி 2002-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி டெல்லியில் எரிசக்தி சிக்கன பணியகம் (பி.இ.இ.) தொடங்கப்பட்டது. பிரிட்ஜ், ஏ.சி.யில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிள் இந்த பணியகம் கொண்டு வந்ததுதான். ஸ்டார் கூடினால் கரண்டு பில் குறையும்.

மாநிலந்தோறும் இதற்கென ஒரு அமைப்பை அரசு நியமிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். தமிழகத்தில் இதுக்குன்னு புது ஆபீஸ் திறக்கவில்லை. ஏற்கனவே இருந்த மின் ஆய்வுத்துறையிடமே பொறுப்பு கொடுக்கப்பட்டது. சிமெண்டு, ஜவுளி, காகிதம் என கரண்டை அதிகம் விழுங்கும் ஆலைகள் சட்டப்படி சிக்கனத்தை கடைப்பிடிக்கின்றனவா என்று கண்காணிப்பது இத்துறையின் வேலை.

அணுசக்தி டெல்லி வசம்

அணுசக்தி மத்திய பட்டியலில் 6-வது இனம். மாநிலம் இதில் சட்டம் போட முடியாது. கல்பாக்கத்தில் 1984, 1986-ம் ஆண்டுகளிலும், கூடங்குளத்தில் 2014, 2017-ம் ஆண்டுகளிலும் வணிக உற்பத்தியை தொடங்கிய 4 உலைகளும் மத்திய அரசு நிறுவனத்துக்கு சொந்தமானவை. கூடங்குளம் கரண்டில் கேரளா, கர்நாடகா, புதுச்சேரிக்கும் பங்கு போகிறது.

2025-ம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய 'சாந்தி' சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் கதவை திறந்தது. ஆனால் லைசென்சு கொடுப்பது அப்போதும் மத்திய அரசுதான்.

கலெக்டர் தலையில் பொறுப்பு

அப்படியானால் மாநிலத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நிலம், தண்ணீர், சட்டம்-ஒழுங்கு எல்லாம் மாநிலத்தின் கையில். விபத்து நடந்தால் உலையை சுற்றி 16 கிலோ மீட்டருக்குள் வசிக்கும் மக்களை பாதுகாக்கும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையது. செங்கல்பட்டு, நெல்லை கலெக்டர்கள்தான் களத்தில் இறங்க வேண்டும்.

கூடங்குளம் போராட்டத்தின்போது, மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தும்படி 2011 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச்சில் பணியை தொடர ஒப்புதல் தந்தது. மத்திய அரசிடம் கேட்கலாம், ஆனால் உத்தரவு போட முடியாது என்பதே மாநிலத்தின் நிலை.

மாநில ஆணையம் ஒன்று வந்தாலும் உலை வேணுமா வேண்டாமா என்பதை அது தீர்மானிக்க முடியாது. ஊரை காலி செய்யும் நிலை வந்தால் பஸ்சுக்கும் முகாமுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியது மட்டும் மாநில அரசு என்பது குறிப்பிடத்தக்கது.