கோட்பாட்டு ஒருங்கிணைப்பு (குற்றவியல்)

குற்றத்தின் காரணங்களை விளக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கோட்பாடுகளை இணைத்து ஒரே விளக்கமாக அமைக்கும் முறை. 1970களின் இறுதியில் அமெரிக்கக் குற்றவியலில் வலுப்பெற்றது.

பின்னணி: ராபர்ட் மெர்ட்டனின் அழுத்தக் கோட்பாடு (1938), எட்வின் சதர்லாந்தின் வேறுபட்ட தொடர்புக் கோட்பாடு, டிராவிஸ் ஹிர்ஷியின் சமூகப் பிணைப்புக் கோட்பாடு (1969) ஆகியவை ஒன்றுக்கொன்று போட்டியாகவே சோதிக்கப்பட்டன. எதுவும் தனித்து முழு விளக்கம் தரவில்லை.

வகைகள்: ஹிர்ஷி 1979இல் மூன்று வகைகளைக் குறிப்பிட்டார். ஒரு கோட்பாட்டின் விளைவை அடுத்ததன் காரணமாகத் தொடுப்பது தொடர்நிலை இணைப்பு. வெவ்வேறு வகைக் குற்றங்களுக்கு வெவ்வேறு கோட்பாடுகளைப் பொருத்துவது பக்கநிலை இணைப்பு. ஒன்றை மேலும் பொதுவான மற்றொன்றுக்குள் அடக்குவது மேல்கீழ் இணைப்பு.

எடுத்துக்காட்டு: டெல்பர்ட் எலியட்டும் உடனாய்வாளர்களும் 1979இல் முன்வைத்த மாதிரி தொடர்நிலை இணைப்பாகும். அழுத்தம் குடும்பம், பள்ளி ஆகியவற்றுடனான பிணைப்பைத் தளர்த்துகிறது. தளர்ந்த பிணைப்பு இளைஞரைத் தவறிழைக்கும் நண்பர்களிடம் சேர்க்கிறது. அந்தக் கூட்டுறவு குற்றத்தைக் கற்பிக்கிறது. தேசிய இளைஞர் ஆய்வின் தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்து 1985இல் நூலாக வெளியிட்டனர். அழுத்தமும் தளர்ந்த பிணைப்பும் பெரும்பாலும் நண்பர்கள் வழியாகவே செயல்படுவதாக அதில் கண்டனர். டெரன்ஸ் தார்ன்பெரி 1987இல் இந்த உறவுகள் இருவழிப்பட்டவை என்றார்: குற்றச்செயலும் பிணைப்பை மேலும் தளர்த்தும்.

எதிர்ப்பு: கோட்பாடுகளின் அடிப்படை எடுகோள்கள் முரண்படுகின்றன என்பது ஹிர்ஷியின் வாதம். சமூகப் பிணைப்புக் கோட்பாடு சார்ந்த கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின்படி, தடுப்பது இல்லாதபோது குற்றம் இயல்பாக நிகழும். வேறுபட்ட தொடர்புக் கோட்பாடு போன்ற கற்றல் கோட்பாட்டின்படி குற்றத்தைக் கற்றாக வேண்டும். ஆகவே கோட்பாடுகள் தனித்தனியே வளர்வதே நல்லது என அவர் கருதினார்.