பாக்தாத் கதையில் விடுபட்டுப்போகும் பாதி

கைநடுக்கமும் உடல் விறைப்பும் கொண்ட பார்க்கின்சன் நோய்க்குக் கஞ்சா எண்ணெய் அருமருந்து என்னும் செய்தி நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. ‘முற்கால முஸ்லிம்களே இதை மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள்’ என்பது அதனோடு சேர்ந்து வரும் வாதம். பொய்யன்று; ஆனால் பாதி மட்டுமே.

15ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் இப்னுல் பத்ரீ ஒரு பாக்தாத் நிகழ்வைப் பதிவு செய்துள்ளார். கலீஃபாவின் அவையில் ஹாஜிபாக இருந்தவரின் மகன் ழஹீருத்தீன் முஹம்மது வலிப்பு நோயால் வருந்தினார். அவரைக் காண வந்த அலீ இப்னு மக்கீ, தயங்கிய நோயாளிக்கு ஹஷீஷைக் கொடுத்தார். (கொடுத்தவர் ஹகீம் அல்லர், கவிஞர்.) வலிப்பு முற்றிலும் நீங்கியது. அதன்பின் ஒரு கணமும் அது இல்லாமல் ழஹீருத்தீனால் இருக்க இயலவில்லை என்பதையும் அதே பதிவு சொல்கிறது. இந்த இரண்டாம் பகுதிதான் இன்று சொல்லப்படாமல் விடுபடுகிறது.

மார்க்க அறிஞர்கள் இரு பகுதிகளையும் அறிந்தே பேசினர். ஹிஜ்ரி 794இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் பத்ருத்தீன் ஸர்கஷீ (ரஹ்) ஹஷீஷ் ஹராம் என்பதை நிறுவத் தனி நூலே இயற்றினார். போதைக்கான தடையும் சிகிச்சைக்கான அவசியமும் வெவ்வேறு கேள்விகளாகவே ஃபிக்ஹில் ஆராயப்பட்டன. அவசியம் என்று சொல்லப் பயன் உறுதிப்பட வேண்டும். நம் வீடுகளில் தவறவிடப்படுவது இந்த நிபந்தனையே.

பார்க்கின்சன் நோயில் அப்பயன் உறுதியானதா? லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1888இல் வெளிவந்த தம் நூலில், இந்தியக் கஞ்சாவால் சிலருக்கு நடுக்கம் சில காலம் தணிந்ததாக எழுதினார். வேறு நல்ல மருந்து இல்லாத காலம் அது. 2004இல் பிரிட்டனில், லெவோடோபா மருந்தின் விளைவாக உடல் தன்னிச்சையாக அசையும் தொல்லைக்குக் கஞ்சாச் சாறு 19 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. தொல்லை குறையவில்லை. 2014இல் பிரேசிலில் 21 பேரிடம் கஞ்சாவின் ஒரு கூறான கன்னாபிடியாலைச் சோதித்தபோது, சிலர் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகக் கூறினர். உடலியக்கக் குறைபாடுகளில் தெளிவான மாற்றம் இல்லை.

மூலிகையே வேண்டும் என்போர்க்கு ஒரு செய்தி. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து லெவோடோபாவைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1937இலேயே பிரித்தெடுத்தனர். விதையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்; அளவு தெரியாது. 1960களில் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தானதும், இன்றுவரை முதன்மை மருந்தாக நிற்பதும் அந்த லெவோடோபாவே.