விண்கல அணிப்பறத்தல் உணரிகள்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விண்கலங்கள் குறித்த இடைவெளி மாறாமல் சேர்ந்து பறக்க, ஒன்றிலிருந்து மற்றொன்று இருக்கும் தூரத்தையும் திசையையும் அளந்து சொல்லும் கருவிகள். எல்லாத் தூரத்துக்கும் ஒரே கருவி உதவுவதில்லை. தொலைவில் வானொலி அலையும், நெருங்க நெருங்கக் கேமராவும் லேசரும் அந்தப் பொறுப்பை ஏற்கின்றன.

முதலில் சேர்ந்து பறந்த கலங்கள் எவை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1962 ஆகஸ்டில் சோவியத்தின் வஸ்தோக் 3, 4 கலங்கள் 5 கி.மீ. வரை நெருங்கியதாகச் சிலரும், 6.5 கி.மீ. என்று வேறு சிலரும் எழுதுகின்றனர். பாதையை மாற்றிக்கொள்ளும் திறன் அவற்றுக்கு இல்லை. ஏவிய நேரத்தின் துல்லியமே அவற்றை அருகருகே சேர்த்தது. எனவே ஜெமினி 6, 7 கலங்கள் சந்தித்த 1965 டிசம்பர் 15ஐத் தொடக்கமாகக் கொள்வோரே அதிகம்.

அந்த நாளைப் பற்றிய பதிவுகள் ஏராளம். அமெரிக்காவின் ஜெமினி 6 சந்திக்க வேண்டியிருந்த ஆளில்லா அஜீனா கலம் அக்டோபர் 25 அன்று ஏவிய சில நிமிடங்களில் சிதறியது. ஃபிராங்க் போர்மனும் ஜேம்ஸ் லவலும் பயணித்த ஜெமினி 7 அதற்குப் பதில் இலக்கானது. ஜெமினி 6-இன் ராடார் அனுப்பிய அலைக்கு ஜெமினி 7-இல் பொருத்திய கருவி மறு அலை அனுப்பும். தூரமும் கோணமும் அதிலிருந்து தெரியும். ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவிலேயே அந்தத் தொடர்பு கிடைத்துவிட்டது. எந்தப் பக்கம் எவ்வளவு உந்த வேண்டும் என்று கலத்தின் கணினி சொன்னது. ஜெமினி 6-இல் இருந்த தாமஸ் ஸ்டாஃபோர்டு அதை அட்டவணைகளைக் கொண்டு கையாலும் சரிபார்த்தார். கடைசிச் சில மீட்டர்களில் அவருடன் பயணித்த வால்டர் ஷிராவின் கண்களே உணரி. 30 செ.மீ. வரை நெருங்கி, நான்கு மணி நேரத்துக்கு மேல் கலங்கள் உடன் பறந்தன.

1967 அக்டோபர் 30 அன்று சோவியத்தின் காஸ்மோஸ் 186, 188 கலங்கள் ‘இக்லா’ வானொலி அமைப்பின் துணையுடன் ஆளின்றி இணைந்தன. 2010-இல் சுவீடனின் பிரிஸ்மா திட்டம் ஜிபிஎஸ், வானொலி, கேமரா மூன்றையும் சோதித்தது.

2024 டிசம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி59 ஏவிய ஐரோப்பாவின் புரோபா-3 இணையில், ஒரு கலத்தின் 1.4 மீட்டர் வட்டு சூரியனை மறைக்கும். சுமார் 150 மீட்டர் பின்னால் உள்ள மற்றது அந்த நிழலுக்குள் மில்லிமீட்டர் துல்லியத்தில் நிற்கும். எதிரொளிப்பான்களில் பட்டுத் திரும்பும் லேசர் இடைவெளியை அளக்கிறது. அழகான ஏற்பாடு ஒன்றும் இதில் உண்டு: பின்னால் உள்ள கலத்தின் தொலைநோக்கி வாயைச் சுற்றி எட்டு ஒளியுணரிகள் உள்ளன. எல்லாவற்றிலும் ஒரே அளவு ஒளி விழுந்தால் கலம் நிழலின் நடுவே இருக்கிறது. ஒருபுறம் கூடினால் விலகியிருக்கிறது.

2025 ஜனவரி 16 அன்று லேசர் தூரமானி உள்ளிட்ட உணரிகளுடன் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இணைந்தன. புரோபா-3 எடுத்த முதல் சூரிய ஒளிவட்டப் படங்கள் 2025 ஜூனில் வெளியாயின.