ஆவூர்க் கோயிலின் வயது என்ன?

விராலிமலைப் பக்கம் இருக்கிறது ஆவூர். அங்குள்ள பெரியநாயகி மாதா கோயிலைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரு வரி: 'பழைய கோயிலை 1547-இல் பூசே பாதிரியார் கட்டினார்.' ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தெழுதி, அந்த ஆண்டு அப்படியே நிலைத்துவிட்டது.

கணக்கு உதைக்கிறது. பிரெஞ்சுக்காரரான பூசே பிறந்ததே 1655-இல்! அவர் பணியாற்றிய மதுரை மிஷனைத் தொடங்கிய ராபர்ட் தெ நொபிலியே மதுரைக்கு வந்தது 1606-இல்தான். சயாமிலிருந்து பூசே நம் பக்கம் வந்ததோ 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஆக, ஆவூரின் முதல் கோயில் ராணி மங்கம்மாள் காலத்தை ஒட்டியது. நூற்றைம்பது வயது குறைவதால் அதன் பெருமை குறையாது. கதை இன்னும் சுவையாகிறது.

காவி உடுத்து, புலால் தவிர்த்து, பாதக்குறடு அணிந்து நடந்த துறவிகள் பூசே போன்ற மதுரை மிஷன் பாதிரியார்கள். மண்சுவரும் ஓலைக் கூரையுமாகத்தான் பல ஊர்களில் முதலில் கோயில் எழுப்பினார்கள். அரசின் தயவில்லாமல் அதுவும் நிலைக்காது. அதனால் பூசே திருச்சிக்குப் போய், மங்கம்மாளின் தளவாய் நரசப்பையாவைச் சந்தித்தார். கொண்டுபோன காணிக்கைகளில் இரண்டடி உயரப் பூமி உருண்டை ஒன்று. நாடுகள், கடல்களின் பெயர்கள் அதில் தமிழில் எழுதப்பட்டிருந்தன. உள்ளே ரசம் பூசிய கண்ணாடிக் கோளமும் கொடுத்தார். தளவாய் அவரைப் பல்லக்கில் ஏற்றி, மேளதாளத்தோடு நகர்வலம் அனுப்பினார். உலகப்படத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கத் தோன்றியதே, அதுதான் அந்த மனிதரின் நுட்பம்.

தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் ஆவூரில் பணியாற்றியவர். அவர் மறைந்த 1747-ஆம் ஆண்டில்தான் இப்போதைய கோயில் எழுந்தது. (ஒருவேளை ஓர் இலக்கம் புரண்டுதான் 1547 பிறந்ததோ?) ஆவூர் இருந்த புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையைச் சுற்றி அப்போது போர் மேகம். 1741-இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்தார்கள். 1751-இல் சந்தா சாகிப் முற்றுகையிட்டார். இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் இப்படி ஒரு கோயில் எழுந்தது என்றால், ஊராரின் உறுதி சாதாரணமானதல்ல.

பூசேயும் வீரமாமுனிவரும் சார்ந்திருந்த இயேசு சபையையே 1773-இல் போப்பாண்டவர் கலைத்தார். ஆனாலும் ஆவூர்க் கோயிலில் வழிபாடு இன்றும் நடக்கிறது. ஈஸ்டரை ஒட்டிக் கிறிஸ்துவின் பாடுகள் நாடகமாக நடக்கும், 'பாஸ்கா' என்பார்கள். பிறகு தேரோட்டம். வடம் பிடிக்க ஆவூரில் கூட்டம் கூடுகிறது.