அளந்து பார்க்காத எண்களின் விலை

லேத்திலும் சி.என்.சி. எந்திரத்திலும் இரும்பைச் சீவுகிற கார்பைடு இன்செர்ட்டை எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது அதன் நிறம் மட்டுமே. டைட்டானியம் நைட்ரைடு என்றால் தங்க மஞ்சள், அலுமினியம் ஆக்சைடு என்றால் கறுப்பு. அந்தப் பூச்சின் கனம் சில மைக்ரான். தடித்தது என்றால் இருபது மைக்ரானைத் தொடும். இன்செர்ட்டின் ஆயுளை அதுதான் பல மடங்கு கூட்டுகிறது. அதனாலேயே அந்தச் சில மைக்ரானைச் சுற்றி ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் எழுந்திருக்கின்றன. அவற்றை ஆய்வு செய்து கொடுக்கும் முறையின் வரலாற்றைப் பார்த்தால், பூச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய ஒரு கோளாறு தெரிகிறது. விண்ணப்பம் செய்பவர் ஓர் எண்ணையோ ஒரு குணத்தையோ முன்வைக்கிறார். அதை அளந்து பார்க்க வழியில்லாத அலுவலகம் ஏற்றுக்கொள்கிறது. அது செல்லாது என்று நீதிமன்றம் சொல்வதற்குள் உரிமையின் ஆயுளில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. இடைப்பட்ட காலத்துக்கு விலை கொடுப்பவர்கள் கருவியை வாங்குகிறவர்கள். ஆகவே, தான் கேட்கும் குணம் பழைய கருவியில் இல்லை என்று காட்டும் பொறுப்பை, உரிமை கொடுப்பதற்கு முன்பே, கேட்பவர் மேல்தான் சுமத்த வேண்டும் என்பது என் கட்சி.

முதல் சான்று 1901ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் பிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் டங்ஸ்டன், குரோமியம் கலந்த கருவி எஃகை வழக்கத்தை மீறிச் சூடாக்கிப் பார்த்தார்கள். சுமார் 1,725 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் எஃகு கெட்டுவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. அதையும் கடந்து, உருகும் நிலைக்கு அருகில் கொண்டுபோனால் கருவி கெடுவதற்குப் பதில் அபாரமான உறுதி பெறுகிறது என்று அவர்கள் கண்டார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் முனை சிவக்கச் சிவக்க அந்தக் கருவி எஃகை வெட்டியது. பிசிறு நீலமாக உதிர்ந்தது. ஐரோப்பாவின் பொறியாளர்கள் திகைத்துப்போனார்கள். 1901 பிப்ரவரியில் இரண்டு அமெரிக்கக் காப்புரிமைகள் கிடைத்தன. அவை கோரியதன் மையம் ஒரு வெப்பநிலை எல்லை. அந்த எல்லை உண்மையிலேயே ஒரு கோடுதானா, அதற்கு அப்பால் யாரும் அதுவரை போனதில்லையா என்ற கேள்விகளுக்குக் காப்புரிமை அலுவலகத்தின் அலமாரியில் விடை இல்லை. விடை இருந்த இடம் கொல்லர்களின் உலைக்களம். எந்திரக் கருவி உற்பத்தியாளரான நைல்ஸ்-பெமென்ட்-பாண்ட் மேல் பெத்லகேம் வழக்குப் போட்டபோதுதான் அந்தப் பட்டறை அறிவு சாட்சிக் கூண்டு ஏறியது. 1909இல் நியூஜெர்சி நீதிமன்றம் இரண்டு உரிமைகளும் செல்லாது என்றது. எட்டு வருடம் கழித்து.

டெய்லரின் உழைப்பை இது சிறுமைப்படுத்துவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 26 வருடம், முப்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடைப்பட்ட சோதனைகள், எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பும் எஃகும் சீவித் தள்ளப்பட்டதாக 1906இல் அவரே கணக்குச் சொன்னார். உலோகம் வெட்டும் கலையை அறிவியலாக்கியதில் அவருக்கு நிகராகச் சொல்ல ஆள் குறைவு. ஆனால் உழைப்பு பெரிது என்பதும் கோரிக்கை புதிது என்பதும் இரு வேறு விஷயங்கள். காப்புரிமை ஆய்வாளர் தீர்ப்புச் சொல்ல வேண்டியது இரண்டாவதைப் பற்றி மட்டுமே.

அடுத்த வழக்கின் செலவு இன்னும் பெரிது. டங்ஸ்டன் கார்பைடு என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தெரிந்ததுதான். மிகக் கடினமானது. ஆனால் தட்டினால் உடைந்துவிடும். பெர்லினில் ஓஸ்ராம் பல்பு நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் ஷ்ரோட்டர், கார்பைடுத் தூளோடு கொஞ்சம் கோபால்ட் போன்ற உலோகத்தைச் சேர்த்து அழுத்திச் சுட்டால் உடையாத கட்டியாகும் என்று கண்டார். 1923இல் ஜெர்மனியில் விண்ணப்பம், 1925இல் அமெரிக்க உரிமை. ஜெர்மனியில் உரிமை குரூப் ஆலையிடம் போனது. 1927இல் விடியா என்ற பெயரில் கருவி சந்தைக்கு வந்தது. 1928இல் குரூப்பும் ஜெனரல் எலக்ட்ரிக்கும் ஒப்பந்தம் செய்துகொண்டு உலகச் சந்தையைப் பங்கு போட்டன. அமெரிக்காவில் விலை வைக்கும் அதிகாரம் ஜெனரல் எலக்ட்ரிக் கையில் வந்தது. அதற்கு முன் பவுண்டு சுமார் 50 டாலருக்குக் கிடைத்த கார்பைடு 450 டாலர் வரை ஏறியது. அமெரிக்கப் பட்டறைகளில் கார்பைடு மெதுவாகவே பரவியதற்கு இந்த விலை ஒரு முக்கியக் காரணம். 1940இல் மிச்சிகனில் ஒரு சிறிய கருவி உற்பத்தியாளர் மேல் தொடுத்த வழக்கில் ஷ்ரோட்டர் உரிமைகள் செல்லாது என்று தீர்ப்பானது. அதே ஆண்டில் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் குற்றச்சாட்டும் பதிவானது. போரால் தள்ளிப்போன அந்த வழக்கு 1948இல்தான் ஜெனரல் எலக்ட்ரிக் குற்றவாளி என்ற தீர்ப்போடு முடிந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 17 வருடம். 1925இல் கிடைத்த உரிமை 1942இல் தானாகவே காலாவதியாகியிருக்கும். நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது கடைசி இரண்டு வருடத்தை.

இதே டங்ஸ்டன், இதே ஜெனரல் எலக்ட்ரிக், இன்னொரு வழக்கு. பல்பின் இழை சூட்டில் தொய்யாமல் இருக்க, டங்ஸ்டனின் படிகத் துகள்கள் தொய்வைத் தடுக்கும் அளவிலும் வடிவிலும் இருக்க வேண்டும் என்று அலடார் பாட்ஸ் 1922இல் உரிமை பெற்றிருந்தார். எந்த அளவு, எந்த வடிவம் என்று கோரிக்கையில் இல்லை. செய்ய வேண்டிய வேலை மட்டும் சொல்லப்பட்டிருந்தது. 1938இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. புதுமை எந்த இடத்தில் இருக்கிறதோ சரியாக அந்த இடத்தில் கோரிக்கை மழுப்பலாக இருக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உரிமைக்கு அப்போது மிச்சமிருந்தது ஓராண்டுக்கும் குறைவு. பூச்சுக் கருவிகளின் காலத்துக்கு இந்தத் தீர்ப்பு விட்டுச்சென்ற பாடம் பெரிது. உள்ளே இருக்கும் படிக அமைப்பைச் சொல்லி உரிமை கேட்பவர் அளக்கத்தக்க எண்ணைக் கொடுக்க வேண்டும் என்றானது. எண்கள் வந்தன. அவற்றை யார் சரிபார்ப்பது என்ற கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை.

தவறு நடந்தால் நீதிமன்றம் திருத்தும், ஆய்வாளர் ஒவ்வொன்றையும் துருவ வேண்டியதில்லை என்பது வழக்கமாக வரும் மறுப்பு. மேலே சொன்ன ஆண்டுக் கணக்குகளே அதற்குப் பதில். நம் நாட்டிலிருந்தும் ஒன்று சொல்லலாம். மிர்சாபூரில் பாத்திரங்களை லேத்தில் பிடித்துக் கடைவதற்கான ஓர் அமைப்புக்கு 1951ஆம் ஆண்டுத் தேதியிட்ட காப்புரிமை இருந்தது. அது பட்டறையில் கைவந்த சாதாரண மேம்பாடுதான், கண்டுபிடிப்பு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்தது 1978 டிசம்பரில். அன்றைய சட்டப்படி அந்த உரிமைக்கு ஆயுள் 16 வருடம்தான். உரிமை செத்துப் பதினோரு வருடம் கழித்து அது பிறந்திருக்கவே கூடாது என்று தெரிந்தது. பாத்திரம் கடைகிறவர்கள் அதுவரை வழக்குக்கும் அச்சத்துக்கும் கொடுத்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

பூச்சுக் கருவி 1969வாக்கில் கடைக்கு வந்தது. ஜெர்மனியின் குரூப்பும் ஸ்வீடனின் சாண்ட்விக்கும் கார்பைடு இன்செர்ட்டின் மேல் டைட்டானியம் கார்பைடைப் படியவைத்தன. டைட்டானியம் குளோரைடு ஆவியையும் மீத்தேனையும் ஹைட்ரஜனோடு ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் உலைக்குள் விட்டால் சில மைக்ரான் படலம் வளரும். 1974இல் சாண்ட்விக் பெற்ற அமெரிக்க உரிமை, உள்ளே கார்பைடோ நைட்ரைடோ ஓர் அடுக்கு, வெளியே அலுமினியம் ஆக்சைடு போன்ற ஆக்சைடு அடுக்கு என்று கோரியது. அத்தகைய கோரிக்கையில் சிக்கல் குறைவு. இன்செர்ட்டை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சிக்கல் வந்தது அதற்குப் பின். எல்லாருமே அலுமினியம் ஆக்சைடு பூசத் தொடங்கிய பிறகு, ஒருவர் பூச்சை மற்றவர் பூச்சிலிருந்து பிரித்துக் காட்ட மிஞ்சியது படிகங்கள் எந்தத் திசையில் நிற்கின்றன என்பதுதான்.

இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஆல்பா அலுமினாவின் படிகங்கள் பரப்புக்குச் செங்குத்தாக ஒரே திசையில் நின்றால் இன்செர்ட்டின் முகத்தில் குழி விழுவது தாமதப்படுகிறது. இந்த ஒழுங்கைச் சொல்ல எக்ஸ்-கதிர் அளவீட்டிலிருந்து ஒரு கெழு கணக்கிடுகிறார்கள். சில பிரதிபலிப்புகளின் செறிவை அளந்து, தரப்படுத்தப்பட்ட அட்டையிலுள்ள செறிவால் வகுத்து, சராசரியோடு ஒப்பிட வேண்டும். படிகங்கள் தாறுமாறாக நின்றால் கெழு ஒன்று. எட்டுப் பிரதிபலிப்புகளை எடுத்துக்கொண்டால் அதிகபட்சம் எட்டு. ஆறை எடுத்தால் அதிகபட்சம் ஆறு. (0 0 12) திசையின் கெழு 7.2க்குக் குறையக் கூடாது என்று ஒரு கோரிக்கை வந்தால், ஆறு பிரதிபலிப்புகளில் கணக்கிட்ட பழைய ஆவணத்தில் அந்த எண் தோன்றவே வழியில்லை. பூச்சு அதே பூச்சாக இருக்கலாம். இன்னும் பழைய ஆவணம் கெழுவைக் கணக்கிட்டே இராது. உலையின் வெப்பமும் வாயு விகிதமும்தான் அதில் இருக்கும். ஆய்வாளர் வகைப்பாட்டில் பூச்சுகளுக்கான பிரிவிலும் வெட்டுக் கருவிகளுக்கான பிரிவிலும் நாள் முழுக்கத் தேடினாலும் ‘7.2’ கிடைக்காது. கிடைக்காததைப் புதுமை என்று எடுத்துக்கொண்டால் டெய்லரின் வெப்பநிலை எல்லைக்கு நேர்ந்ததே இங்கும் நேரும்.

காகிதத் தேடலால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. கோரிக்கை பொருட்களின் சேர்மானமாக இருந்தால் காகிதமே போதும். ரூதேனியம் கலந்த பிணைப்பு உலோகமும் அதன் மேல் இயற்பியல் ஆவிப்படிவுப் பூச்சும் கொண்ட கருவிக்கு கென்னாமெட்டல் 2007இல் அமெரிக்க உரிமை பெற்றது. போட்டியாளரான இங்கர்சால் மறுஆய்வு கேட்டது. முந்தைய ஆவணம் ஒன்று ஐந்து உலோகங்களையும் பூச்சுக்கு மூன்று முறைகளையும் பட்டியலிட்டிருந்தது. மொத்தம் 15 சேர்க்கைகள், அதில் ஒன்று இதுதான். அந்தச் சேர்க்கையை யாரும் செய்து பார்த்திராவிட்டாலும் வாசிப்பவருக்கு அது புலப்படும் என்று 2015 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1985இல் ஒரு டைட்டானியம் உலோகக் கலவை வழக்கில் இன்னும் நுட்பமாக நடந்தது. ரஷ்யக் கட்டுரை ஒன்றின் வரைபடத்தில் இருந்த ஒரே ஒரு புள்ளி கோரிய விகிதத்துக்குள் விழுந்தது. அந்தக் கலவை துருவுக்குத் தாங்கும் என்று கட்டுரை சொல்லவில்லை என்று விண்ணப்பதாரர் வாதாடினார். பழைய பொருளின் தெரியாத குணத்தைக் கண்டுபிடித்தவருக்குக் குணத்துக்குப் பாராட்டு உண்டு, பொருளுக்கு உரிமை இல்லை என்றாகிவிட்டது. படிகத் திசைக்கும் இந்த நியாயம்தான் பொருந்தும்.

இங்கே கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. திசை ஒழுங்கு வெற்று எண் அல்ல, கருவியின் ஆயுளைக் கூட்டும் மெய்யான கண்டுபிடிப்பு; அதற்காக ஆய்வகங்கள் பல வருடம் செலவிடுகின்றன; உரிமை இல்லையென்றால் யார் முதல் போடுவார்கள்? இதை ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்கை வரவழைக்கும் உலை முறையைக் கண்டவருக்கு அந்த முறைக்கு உரிமை கிடைப்பது நியாயம். எண்ணுக்கே உரிமை கேட்டால் மட்டும், பழைய முறையில் தயாரான இன்செர்ட்டை அதே கருவியில் அளந்து, இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். இதற்குச் சட்ட ஆதாரமும் பழையது. பொருளைச் செய்து ஒப்பிட அலுவலகத்தில் வசதியில்லை, ஆகவே வேறுபாட்டைக் காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்று அமெரிக்க நீதிமன்றம் 1977இல் பெஸ்ட் என்பவரின் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிறிய கண்டுபிடிப்பாளருக்கு இது சுமை என்பார்கள். கெழுவை 7.2 என்று எழுத எக்ஸ்-கதிர்க் கருவி வைத்திருப்பவர் இன்னொரு இன்செர்ட்டை அதில் வைப்பது பெரிய சுமை அல்ல. சுமை இப்போது யார் மேல் இருக்கிறது என்று பார்த்தால், எக்ஸ்-கதிர்க் கருவியைக் கண்ணால்கூடக் கண்டிராத பட்டறைக்காரர் மேல்.

இந்தியச் சட்டத்தின் பின்னணியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார் 1959இல் கொடுத்த அறிக்கை இருக்கிறது. நாட்டின் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டார் கையில் என்று அவர் எடுத்துக் காட்டினார். அதன் வழிவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஆய்வு நடந்தது என்பதாலேயே உரிமை செல்லும் என்று அரசு உத்தரவாதம் தருவதாகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 25ஆம் பிரிவோ, விண்ணப்பம் வெளியான பிறகு, உரிமை கொடுக்கப்படுவதற்கு முன், யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது. மருந்துக் காப்புரிமைகளில் நோயாளிகளின் அமைப்புகள் இந்தப் பிரிவை நன்றாகவே பயன்படுத்தியிருக்கின்றன. கோவையிலும் ஓசூரிலும் இன்செர்ட் தயாரிப்பவர்கள், பூச்சுப் பூசுபவர்கள், அவர்களின் தொழில் சங்கங்கள் ஆகியோரிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: பழைய இன்செர்ட்டுகளைத் தேதியிட்ட பில்லோடு எடுத்து வையுங்கள், பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் எக்ஸ்-கதிர் அளவீடு எடுத்து வையுங்கள், கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு அதை உரிமை கொடுப்பதற்கு முன்பே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.